காது திருகும் இடம்

தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டி நிற்கவில்லை. ஹைவேஸ்காரர்கள் என்றைக்கோ விட்டுப்போன தார் டிரம் ஒன்று பாதி மண்ணுக்குள் இறங்கி, வாயில் மழைத்தண்ணீரை ஏந்திக்கொண்டு அங்கே கிடக்கும். அதைக் கண்டதும் இன்னாசியின் வலது கால் பிரேக்கைத் தேடியது. தேடியது என்றுகூடச் சொல்ல முடியாது. தேட வேண்டும் என்ற எண்ணம் இடுப்புவரை போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கால், ரப்பர் விரிப்பின் மேல், வேறு யாரோ வைத்துவிட்டுப் போன சாமான்போல இருந்தது. அங்கே பிரேக்கும் இல்லை. அவர் உட்கார்ந்திருந்தது இடதுபக்க இருக்கையில், இத்தனை வருஷமும் ஜெயராணி உட்கார்ந்து வந்த இடத்தில். ஜெயராணி அவருடைய இடத்தில் இருந்தாள். முதுகுக்குப் பின்னால் சாக்கு ஒன்றை நாலாக மடித்து வைத்து, நாடியைத் தூக்கிக்கொண்டு, ஓடிவிடும் ஆட்டுக்குட்டியைப் பிடிப்பதுபோல ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஐப்பசித் தூறல் கண்ணாடியில் விழுந்து, வைப்பர் அதைத் துடைத்து, மறுபடியும் விழுந்தது. பின்னால் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உர மூட்டைகள். மூட்டைகளின் மேல், பிளாஸ்டிக் சாக்கை மழைக்குக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மூக்காயி. மேலே போகிற வண்டி எதுவானாலும் கையைக் காட்டி ஏறிக்கொள்வாள். கேபினின் பின்பக்கச் சின்ன ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது. “அக்கா, பாத்துப் போங்க. நான் இன்னும் பேரன் மொகத்தப் பாக்கல.” “மொதல்ல மகளுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணு, பேரன அப்புறம் பாக்கலாம்,” என்றாள் ஜெயராணி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். இன்னாசி சிரித்தார். சிரிப்பு வாயின் இடதுபக்கத்தில் மட்டும் வந்தது. பரவாயில்லை. ஒரு பக்கமாவது வருகிறது.

டிரம் போய்விட்டது என்று சொல்ல நினைத்தார். சொல்லை எடுத்து வாய்க்குக் கொண்டுவருவதற்குள் டிரம் பின்னால் போய், அதற்கடுத்த கொய்யா மரமும் போய்விட்டது. பழைய வண்டியில் இங்கே நின்றே ஆக வேண்டும். முன்சக்கரங்களின் நடுவில், குடத்து மூடி அளவில், ஆளுக்கொரு திருகு இருக்கும். அதைக் கையால் திருகிவிட்டால்தான் முன்சக்கரங்கள் என்ஜினோடு சேரும். பிறகு உள்ளே சின்ன கியரை இழுத்தால் நாலு சக்கரமும் இழுக்கும். திருகாமல் போனால் முன்சக்கரங்கள் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தமில்லாத ஆள்போலச் சும்மா கூட உருண்டு வரும். இழுக்கிற வேலையெல்லாம் பின்சக்கரங்களுக்குத்தான். காதைத் திருகுவது என்று அதற்குப் பெயர் வைத்தவள் ஜெயராணி. மாட்டுக்கு வாலைத் திருகணும், இதுக்குக் காதத் திருகணும் போலருக்கு என்றாள் முதல் நாளே. கல்யாணமான புதிதில் வேடிக்கை பார்க்க வண்டியில் ஏறியவள், பிறகு இறங்கவே இல்லை. இறங்கவே இல்லை என்பது தப்பு, இறங்கிக்கொண்டே இருந்தாள். டிரம் பக்கத்தில் அவர் நிறுத்துவார். நிறுத்துவதற்குள் அவள் பக்கத்துக் கதவு திறந்திருக்கும். முதலில் தன் பக்கத்துக் காது. பிறகு பானெட்டுக்கு முன்னால் சுற்றி வந்து அவர் பக்கத்துக் காது. குனிந்திருக்கும்போது அவளுடைய உச்சந்தலை மட்டும் ஜன்னலுக்குக் கீழே தெரியும். மழையானால் அதன் மேல் ஒரு துண்டு. அவர் அந்த நேரத்தில் பீடி பற்றவைத்துக்கொள்வார். உச்சந்தலையை அத்தனை தடவை பார்த்திருக்கிறார். வகிடு எடுக்கிற இடத்தில் நரை எப்போது தொடங்கியது என்பதுகூட அவருக்குத் தெரியும். அந்தத் திருகு வெயில் காலத்தில் சுடுமா, மழைக்காலத்தில் சேறு அடைத்து இறுகிப்போகுமா, விரல் வலிக்குமா என்பது மட்டும் தெரியாது. கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. காது திரும்பிவிடும், வண்டி போகும், அவ்வளவுதான்.

இந்த வண்டியில் அதெல்லாம் இல்லை. கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு, ரேடியோவில் சத்தம் கூட்டுவதைப் போல. டூ ஹை, ஆட்டோ, ஃபோர் ஹை, ஃபோர் லோ. திண்டுக்கல் ஷோரூமில் டை கட்டிய ஒரு பையன், கழுத்தில் டை இருந்ததால் கழுத்தையே திருப்பாமல், “ஐயா, ஆட்டோவுல போட்டுட்டா நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். வண்டியே பாத்துக்கும்” என்றான். அந்த வாக்கியம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வண்டியே பாத்துக்கும். ஊருக்கு வந்து டீக்கடையில் சொன்னார், கோயில் வாசலில் சொன்னார், வீட்டில் ஜெயராணியிடம் சொன்னார். “இனிமே மழையில நீ எறங்க வேணாம். வண்டியே பாத்துக்கும்.” அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “வண்டியே பாத்துக்கும்னா அப்ப நான் எதுக்கு?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா கேட்டாள். மறுநாளிலிருந்து வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை. தனியாக ஏறி இறங்கினார் அந்த வெயில்கால மாதங்களில். சேறே இல்லாத காலம். ஆட்டோவுக்கு வேலையே வரவில்லை. பக்கத்து இருக்கையில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்தால் வளைவில் உருண்டு கீழே விழும். அவள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்வாள். இதைப்போய் யாரிடம் சொல்வது? பிறகு ஒரு காலையில் முற்றத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கையிலிருந்த செம்பு கீழே விழுவதைப் பார்த்தார். யாருடைய செம்போ விழுகிறது என்று தோன்றியது. குனிந்து எடுக்கலாமென்று பார்த்தால் முற்றம் சாய்ந்து அவரிடம் வந்தது. வாதம் முற்றத்தில் வந்ததே! வளைவில் வராமல், மூட்டையும் ஆளுமாக ஏறும்போது வராமல், வீட்டு முற்றத்தில், செம்பு விழுகிற சத்தத்துக்கு ஜெயராணி ஓடிவருகிற தூரத்தில் வந்ததே! படுத்திருந்த நாளெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் கீழே கொண்டுபோகும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவருடைய தலை உருண்டுவிடாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்திருந்தாள். நேரத்தோட கொண்டுவந்தீங்க என்று டாக்டர் அவளிடம்தான் சொன்னார்.

கை கால் போனதுகூடப் பெரிதில்லை. சொற்கள்தான். சொல் எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது. வாய்க்கு ஏறும்போது வழுக்குகிறது. ஒன்றை எடுத்தால் வேறொன்று வருகிறது. முதல் மாதம் முழுக்க டயர் என்ற சொல் மட்டும்தான் வந்தது. காப்பி வேண்டுமென்றாலும் டயர், ஜன்னலைச் சாத்து என்றாலும் டயர். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் ரோஜாப்பூப் படத்தைக் காட்டி இது என்னாங்கய்யா என்று கேட்டபோது, ரோஜா என்று உறுதியாக மனசில் நினைத்துக்கொண்டு, டயர் என்றார். அந்தப் பெண் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது. ஜெயராணி அடக்கவேயில்லை, சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வீட்டில் டயர் என்றால் அவள் ஒரு கணம் அவருடைய கண்ணைப் பார்ப்பாள். பிறகு காப்பி வேண்டியபோது காப்பி வரும், ஜன்னல் சாத்த வேண்டியபோது ஜன்னல் சாத்தப்படும். எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. இப்போது கொஞ்சம் தேவலை. நிதானமாக விட்டால் ஐந்தாறு சொல் வரிசையாக வரும். அவசரமென்றால் ஒன்றும் வராது. அவசரத்துக்கு உதவாத வாயை வைத்துக்கொண்டு இந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அவள் ஸ்டியரிங்கைத் தப்பாக ஒடித்தால் சொல்ல முடியாது. மூட்டையும் கத்தாது. மூட்டைக்குச் சமமாகத்தான் அவரும் உட்கார்ந்திருக்கிறார், என்ன, மூட்டைக்கு வாடகை உண்டு.

இன்றைக்கு இந்த உரம் மேலே போய்ச் சேர வேண்டும். கரடிச்சோலை எஸ்டேட் மேனேஜர் தம்பிதுரை நேற்று போனில் ஜெயராணியிடம் பேசினார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். “அக்கா, நீங்க ஓட்டுறேன்னு சொல்றீங்க, சந்தோசம். மழை பேஞ்ச ரோடு. மத்தியானத்துக்குள்ள உரம் வந்துருச்சுன்னா காப்பிப் பழம் எறக்குற வேலை பூரா உங்க வண்டிக்குத்தான். வரலேன்னா நான் வேற வண்டி சொல்லிருவேன். கோவிச்சுக்கக் கூடாது.” “கோவிச்சுக்க என்ன இருக்கு தம்பி,” என்றாள். காப்பிப் பழ வேலை இல்லையென்றால் வண்டியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கீழே வத்தலக்குண்டில் மருமகன் ஏற்கனவே ஆள் பார்த்து வைத்திருக்கிறார். நல்ல மனுஷன், கெட்ட எண்ணமில்லை. வண்டியக் குடுத்துட்டு ரெண்டு பேரும் எங்களோட வந்து இருங்க மாமா என்கிறார். அவர்கள் வீட்டில் ஒரு அறை ஒழித்துக் கொடுப்பார்கள். தகரக் கூரை, மின்விசிறி, ஒரு நாற்காலி. நாற்காலியை எந்த இடத்தில் போடுவார்கள் என்பதுவரை இன்னாசி யோசித்துவிட்டார். அங்கே உட்கார்ந்தால் எதிரில் டிவி, திரும்பினால் சுவர். பனி இறங்கினால் தெரியாது. ஜெயராணி அங்கே மகளுக்குக் காய் நறுக்கிக்கொடுப்பாள். இதைப்பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமல், அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த கொஞ்ச நாளில், ஹைஸ்கூல் மைதானத்தில் வண்டி பழகப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்து, கிளச்சு காலு வலிக்குதுங்க என்று சொல்லி வெந்நீரில் காலை வைத்துக்கொள்வாள். லைசென்ஸ் வந்த அன்றைக்கு அதில் இருந்த போட்டோவைக் காட்டினாள். போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருக்கேன்ல என்றாள். இல்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு ஆசை. சொல் வரவில்லை. தலையாட்டினார். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, ஆமா, இருக்கேன்தான் என்று சிரித்தாள்.

அடுத்தது சொட்டாம்பாறை வளைவு. திருகு ஆட்டோவில்தான் இருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகவோ நாலாவது தடவையாகவோ பார்த்தார். இருக்கிறது. மீட்டருக்குள் சின்னதாக ஒரு விளக்கு அதைச் சொல்கிறது. பழைய வண்டியில் சின்ன கியரைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், கைக்குத் தெரியும். இதில் விளக்கை நம்ப வேண்டும். ஆட்டோ தப்பில்லை, நன்றாகத்தான் வேலை செய்யும். பின்சக்கரம் வழுக்கினால் அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் முன்சக்கரத்தைக் கூப்பிடும். ஆனால் வழுக்க வேண்டும். முதலில் வழுக்கியாக வேண்டும். கையால் திருகுகிறவர்கள் வழுக்குவதற்கு முன்னாலேயே, கெட்டித் தரையில் நிறுத்தி, இனிமேல் சேறு வரும் என்று இறங்கித் திருகுகிறார்கள். அவருடைய உடம்பும் முன்பு ஆட்டோவில்தான் ஓடியது. சட்டைப் பித்தானைப் போடு என்று யாரும் விரல்களுக்குச் சொன்னதில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோ என்று சொன்னதில்லை. இப்போது ஒவ்வொன்றையும் இறங்கிப்போய்த் திருக வேண்டியிருக்கிறது. வலது முழங்கால், மடங்கு. பாதம், தூக்கு. இப்போது வை. ஒரு நாள் மறந்து இடதுபக்கத்தை மட்டும் திருகி எழுந்து விழுந்தார். ஒரு பக்கத்தை மட்டும் திருகுவது அவருக்குப் புதிது இல்லை. மகள் பிறந்து ஜெயராணி தாய் வீட்டில் இருந்த சமயம், இதே சொட்டாம்பாறையில், தனியாக. டிரம் பக்கத்தில் நிறுத்தி, இறங்கி, தன் பக்கத்துக் காதைத் திருகிவிட்டு, கதவு பக்கத்திலேயே இருந்ததால் அப்படியே ஏறி உட்கார்ந்துவிட்டார். இடதுபக்கத்துக் காதை எப்போதும் ஜெயராணி இறங்கியதுமே திருகிவிடுவாள். அது திருகியாகிவிட்டது என்றே உடம்பு நினைத்துக்கொண்டது. ஒரு காது சும்மா இருந்தால் முன்பக்கத்துக்கு வருகிற இழுவையெல்லாம் அந்த வழியாக வீணாகப் போய்விடும். வளைவில் வண்டி நின்று, யோசித்து, பள்ளத்தைப் பார்த்துப் பின்னால் இறங்க ஆரம்பித்தது. ஓரத்தில் நின்ற சில்வர் ஓக் மரம் பிடித்துக்கொண்டது. தொட்டிலில் குழந்தையைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னதும் ஜெயராணி, “ஒரு காதத் திருகுனா மாடே திரும்பாது, வண்டி எப்படிங்க ஏறும்?” என்று கேட்டுச் சிரித்தாள். தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தன் அம்மா தடுத்தும் கேளாமல், குழந்தைக்கு மூன்றாவது மாதமே திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். அந்த மரம் இன்னும் நிற்கிறது. வண்டி இடித்த தழும்பு மேலே போயிருக்க வேண்டும் என்று தோன்றும். மரம் வளர்ந்தாலும் தழும்பு அதே உயரத்தில்தான் இருக்கிறது.

வளைவு வந்தது. வலதுபக்கம் பாறை. எந்தக் கோடையிலும் அதிலிருந்து தண்ணீர் சொட்டும், இப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. இடதுபக்கம் அந்த மரம். மரத்துக்கு அப்பால் பனி. பனிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அதனால் பார்க்கவில்லை. நடுவில் கறுப்பாக, பளபளவென்று சேறு. நிறுத்து என்று நினைத்தார். நிறுத்து. சொல் நெஞ்சுக்குழியில் சுற்றியது. ஜெயராணி இரண்டாவது கியரிலிருந்து ஒன்றுக்கு மாற்றி, மைதானத்தில் சொல்லிக்கொடுத்தபடியே ஒழுங்காக, ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி சேற்றுக்குள் நுழைந்தது. கொஞ்ச தூரம் ஏறியது. பின்பக்கம் லேசாயிற்று. இருக்கைக்குக் கீழே தரை நகர்கிற உணர்வு, முற்றம் சாய்ந்தபோது வந்ததே, அதே உணர்வு. வயிற்றுக்கடியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, முன்சக்கரங்கள் சேர்ந்துவிட்டன, சேர்ந்தது நல்லதுதான், ஆனால் அதற்குள் வண்டியின் பின்பக்கம் பள்ளத்தின் பக்கம் ஒரு முழம் ஒதுங்கியிருந்தது. ஜெயராணி பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. பின்னாலிருந்து மூக்காயி “ஏசுவே, மாரியாத்தா” என்று இரண்டு பக்கமும் கூப்பிட்டாள். கண்ணாடிக்கு வெளியே, அவருடைய ஜன்னலுக்கு நேராக, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தழும்பு. மூட்டைகளை இங்கேயே இறக்கிவிட்டு போன் பண்ணி வேறு வண்டியை வரச் சொல்லலாம். தம்பிதுரை வருத்தப்பட மாட்டார். நாற்காலி, டிவி, சுவர். ஜெயராணியின் உதடுகள் அசைந்தன. ஜெபமா, திட்டா, தெரியவில்லை. அவள் நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், ஆட்டோவை விட்டு, நாலு சக்கரமும் மெதுவாகப் பலங்கொண்டு இழுக்கிற ஃபோர் லோவுக்குத் திருகினாள். திருகு திரும்பிவிட்டது. மீட்டருக்குள் விளக்கு மின்னியது, மின்னியது, நிலைக்கவில்லை. “நிக்க மாட்டேங்குதுங்க,” என்றாள். “மின்னிக்கிட்டே இருக்கு.”

அது அவருக்குத் தெரிந்த விஷயம். உள்ளே கியரின் பல்லுக்கு நேராகப் பல் நிற்கிறது. பல்லும் பல்லும் முட்டிக்கொண்டு நின்றால் எத்தனை திருகினாலும் சேராது. வண்டி கொஞ்சம் உருண்டால் ஒரு பல் விலகி இன்னொரு பல்லின் இடைவெளியில் விழும். பழைய வண்டியிலும் இதே கதைதான், சில நாள் காது திரும்பி நின்றுகொண்டு பிடிக்காது. பின்னால் விடு. கெட்டித் தரை வரைக்கும் மெதுவாகப் பின்னால் விடு. எவ்வளவு எளிதான வாக்கியம்! வாயைத் திறந்தார். “டயர்,” என்றார். அவருக்கே அழுகை வந்தது. ஜெயராணி திரும்பிப் பார்த்தாள். சேற்றைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்க்கவில்லை, அவருடைய கண்ணைப் பார்த்தாள். அவர் இடது உள்ளங்கையைத் தன் மடிக்கு நேராகப் பின்னால் மெல்லத் தள்ளிக் காட்டினார். “பின்னால விடவா? அந்தப் பழைய வண்டி காதுக்கு விடுவோமே, அது மாதிரியா?” ஆமாம். ஆமாம். அவளுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? கீழே நின்றுகொண்டு கொஞ்சம் பின்னால விடுங்க, கொஞ்சம் பின்னால விடுங்க என்று கத்தியவளே அவள்தானே. பிடிக்கவில்லை என்பதை அவள் விரல் அறியும்; அவர் வெறுமனே பிரேக்கிலிருந்து காலை எடுத்திருக்கிறார். அத்தனை வருஷமும் அவருக்கு எல்லாம் ஆட்டோவாகத்தான் இருந்திருக்கிறது. இறங்கு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லையே. ஜெயராணி பிரேக்கை நூல் பிடித்தாற்போல விட்டாள். வண்டி தான் ஏறி வந்த தடத்திலேயே, ஒதுங்கிய முழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பின்னால் இறங்கியது. வயிற்றுக்கடியில் எங்கோ ஒன்று விழுந்து பொருந்தியது. விளக்கு மின்னுவதை நிறுத்தி, நிலையாக எரிந்தது. கெட்டித் தரையில் வண்டி நின்றது. “பிடிச்சிருச்சு,” என்றாள். பச்சை விளக்கு. எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறார், செபமாலை முடித்து மாதாவுக்குச் சொல்வார், ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவருக்குக்கூடக் கையெடுத்துக் கும்பிட்டார். இவளிடம் மட்டும் சொன்னதில்லை. வீட்டு ஆளுக்கு யார் சொல்வார்கள்? சொன்னால் அவள் சிரிப்பாள்.

விளக்கு எரிந்தது, சரி. எங்கே ஏற்றுவது? சேற்றுக்குக் கீழே ஒரு இடத்தில் பாறை இருக்கிறது. அது ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறினாற்போல இருக்கும். பழைய நாளில் இங்கேயும் ஜெயராணி இறங்குவாள். முன்னால் போய்ச் சேற்றைக் காலால் மிதித்துப் பார்த்து, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று கையைக் காட்டி, பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டி ஒதுங்கிக்கொள்வாள். வண்டி நிற்காமல் ஏறிவிட வேண்டும், நடுவில் நின்றால் கதை முடிந்தது; அதனால் அவர் மேலே கெட்டிப் பாறையில் போய் நிறுத்துவார். அவள் பின்னாலேயே சேற்றில் நடந்து வருவாள். பக்கக் கண்ணாடியில் சின்னதாகத் தெரிவாள், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. சீக்கிரம் வரட்டும் என்று ஹாரன்கூட அடித்திருக்கிறார். வந்து கதவைத் திறந்தால், “உதறிட்டு ஏறு” என்பார். விரிப்பில் சேறாகுமே. தவறாமல் சொல்வார். இப்போது அவளால் இறங்க முடியாது, ஏற்றத்தில் மூட்டையோடு நிற்கிற வண்டி, பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது. “நான் எறங்கிப் பாக்கவா அக்கா?” என்றாள் மூக்காயி. “நீ அசையாத. பின்னால வெயிட்டு வேணும்.” “அதுக்காச்சும் ஒதவுறனே,” என்றாள் மூக்காயி. இன்னாசி இடது கையால் கதவைத் திறந்தார். “ஏங்க. ஏங்க, எங்க எறங்குறீங்க?” ஊன்றுகோலை வெளியே நீட்டித் தரையில் ஊன்றினார். இடது கால். பிறகு வலது முழங்கால், மடங்கு. பாதம், தூக்கு. வை. வைத்தது. மழை தலையில் விழுந்தது, குளிர்ச்சியாக, இடது பக்கத்தில் அதிகமாகவும் வலது பக்கத்தில் தூரத்தில் இருப்பதுபோலவும். “வழுக்குங்க! சொன்னாக் கேளுங்க!” கேட்காமல் நடந்தார். பானெட்டைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்து, சேற்றுக்குள் கோலைக் குத்தினார். முழங்கால் ஆழத்துக்குப் போயிற்று. உருவி, பாறைப் பக்கமாக ஒரு எட்டு தள்ளிக் குத்தினார். இன்னும் போயிற்று. மறுபடி. மறுபடி. ஒரு இடத்தில் கோல் நின்றது. கல். கல்லின் நடுக்கம் கோல் வழியாக உள்ளங்கைக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் மேலே குத்தினார். அங்கேயும் கல். பாறையை ஒட்டியே, நூல் போட்டாற்போல, கெட்டியாகப் போகிறது. திரும்பி, கோலைத் தூக்கி அந்த வழியைக் காட்டினார். கண்ணாடிக்குள் ஜெயராணியின் முகம், வைப்பர் துடைக்கும்போது தெரிந்து, துடைக்காதபோது கரைந்து. தலையாட்டினாள். கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். தகரம் சூடாக இருந்தது. இந்தச் சூடு அவளுக்குத் தெரியும். வண்டி பாறையை ஒட்டித்தான் வரும் என்பதை மறந்துவிடாமல், அங்கே நிற்காமல், தள்ளாடிப் பின்னால் வந்து அகலமான இடத்தில் ஒதுங்கினார்.

என்ஜின் குரல் தாழ்ந்தது. வண்டி அவரைத் தாண்டிப் போயிற்று, மூட்டைகளும் மூக்காயியும் மேலே மேலே. அவர் பின்னாலிருந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தன் வண்டி இந்த வளைவில் ஏறுவதை அவர் பார்த்ததில்லை. உள்ளே இருந்தவருக்கு ஸ்டியரிங் மட்டும்தான். முன்சக்கரங்கள் சேற்றைக் கவ்வி, ஒரு வாய் எடுத்து, பின்னால் வீசின. பின்சக்கரங்கள் அந்த இடத்திலேயே வந்து மிதித்தன. நாலும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டதுபோல, அவசரமில்லாமல். வண்டி ஒரு இடத்தில் தயங்கியது. அவருடைய இடது கால் தானாக மிதித்தது. மேலே அவளும் மிதித்திருக்க வேண்டும், ஏறிவிட்டது. புகை அவர் முகத்தில் வந்து நின்று விலகியது. இதைத்தான் அவள் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், இந்தப் புகையில், அவர் போய்ச் சேர்கிறாரா என்று. வண்டி மேலே கெட்டிப் பாறையில் நின்றது. மூக்காயி எழுந்து நின்று கொங்காணியை ஆட்டினாள். “அண்ணே, வந்து சேருங்க! ராத்திரிக்குள்ள வந்துருவீங்கல்ல?” இனி அவர் நடக்க வேண்டும். வலது தோளைப் பாறையில் சாய்த்துக்கொண்டு, கோலை இடதுகையில் ஊன்றி, கல் இருந்த தடத்தில் அடி வைத்தார். கல்லின் மேலும் சேறுதான். அது செருப்பைப் பிடித்து இழுத்தது. விட்டுக் கொடுக்காமல் இழுத்தது. பாறைத் தண்ணீர் தோளில் சொட்டி முதுகில் ஓடியது. மடங்கு, தூக்கு, வை. ஒவ்வொன்றாக. பக்கக் கண்ணாடியில் தான் எவ்வளவு சின்னதாகத் தெரிவோம் என்று நினைத்தார். ஹாரன் வரவில்லை. என்ஜின் மட்டும் ஒரே சுதியில் ஓடிக்கொண்டிருந்தது. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார், அப்போதும் வரவில்லை. ஓரத்தில் சில்வர் ஓக் நின்றது. அதன் பட்டையில் மழை இறங்கித் தழும்பைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கடந்து போகும்போது கோலால் அதை ஒரு தட்டுத் தட்ட வேண்டும் போலிருந்தது. தூரம் அதிகம், தட்டவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் இடதுபக்கக் கதவு உள்ளேயிருந்து திறந்துகொண்டது. ஜெயராணி இருக்கையில் குறுக்காகச் சாய்ந்து கையை நீட்டியிருந்தாள். கண் சிவந்திருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள், பிறகு கீழே அவருடைய கால்களைப் பார்த்தாள். முழங்கால்வரை சேறு. ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். அவரிடமும் ஒரு சொல் இருந்தது, நெஞ்சிலிருந்து கிளம்பி, வழுக்காமல், மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

“உதறிட்டு ஏறுங்க,” என்றாள் ஜெயராணி.

பின்னால் மூக்காயி சிரித்த சத்தத்தில் மூட்டைகளே குலுங்கின. இன்னாசி கதவைப் பிடித்துக்கொண்டார். இடது காலை உதறினார். பிறகு, கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, வலது காலையும் உதறினார்.